டாலர், புள்ளி, மூன்று சமக்குறி

பிஎச்பி மொழியைப் படிக்க உட்காருபவர் முதல் வாரத்திலேயே இரண்டு ஃபங்ஷன்களைச் சந்தித்துவிடுவார். ஒரு வரிக்குள் ஒரு சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ‘ஸ்டர்பாஸ்’. ஒரு பட்டியலுக்குள் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ‘இன்_அரே’. இரண்டும் தேடுகிற வேலைதான். ஆனால் முதலாவதில் எதற்குள்ளே தேடுவது என்பதை முன்னால் சொல்ல வேண்டும், எதைத் தேடுவது என்பதைப் பின்னால் சொல்ல வேண்டும். இரண்டாவதில் அப்படியே தலைகீழ். ‘அரே_மேப்’புக்கு ஃபங்ஷனை முதலில் கொடுக்க வேண்டும், ‘அரே_ஃபில்ட’ருக்குப் பட்டியலை முதலில் கொடுக்க வேண்டும். எழுத்து மாற்றுகிற ‘ஸ்டர்_ரிப்ளேஸ்’ஸுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் உண்டு, நீளம் சொல்கிற ‘ஸ்டர்லென்’னுக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ” என்பதுதான் வழக்கமான பதில்.

காரணங்கள் இல்லாமலில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் ஆளும் சொல்ல முடியும்.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், 1994-இல் தன் தன்விவரக் குறிப்பை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அதற்காக சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதிக்கொண்டார். ‘பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்’ என்று பெயர் வைத்து, 1995 ஜூன் 8 அன்று அவற்றை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். புதிய கணினி மொழி ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. பக்கத்தின் நடுவே ஒரு குறியைப் போட்டால் அந்த இடத்தில் வருகைக் கணக்கு வந்து விழ வேண்டும், படிவத்தில் ஒருவர் நிரப்பியதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தேவை. 1996-இல் இரண்டு வேலைகளும் ஒன்றாகி பிஎச்பி/எஃப்ஐ ஆயின. எஃப்ஐ என்பது படிவங்களைக் கையாளும் பகுதி.

ஃபங்ஷன் பெயர்களின் கோலம் இந்த ஆரம்ப நாள்களில்தான் விழுந்தது. நிரலில் ஒரு ஃபங்ஷன் பெயர் வந்தால், கணினி தன் பட்டியலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழே படித்தால் நேரமாகும். ஆகவே பெயர்களை முன்கூட்டியே பல பெட்டிகளில் பிரித்துப் போட்டு வைப்பார்கள். தபால் நிலையத்தில் தெருவாரியாகக் கடிதங்களைக் கட்டங்களில் பிரிப்பது மாதிரி. எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்கு என்று முடிவு செய்ய ஒரு சூத்திரம் வேண்டும். லெர்டார்ஃப் அப்போது வைத்திருந்த சூத்திரம் மிக எளியது. பெயரில் எத்தனை எழுத்து? ஆறெழுத்துப் பெயரெல்லாம் ஆறாம் பெட்டி.

சிக்கல் உடனே புரியும். எல்லாப் பெயரும் ஆறெழுத்தாக இருந்தால் ஆறாம் பெட்டி பிதுங்கும், மற்றவை காலியாகக் கிடக்கும். எனவே பெயர்களின் நீளம் விதவிதமாக இருப்பது நல்லது. பக்கத்தில் ஆபத்தான குறிகளை மாற்றிக் கொடுக்கும் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து நீளம்; அத்தனை நீளமான பெயர் அந்த ஆரம்பக் கூட்டத்தில் தனிப் பெட்டியில் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. லெர்டார்ஃபே இதை 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். மொத்த ஃபங்ஷன்களே நூறுக்குக் குறைவாக இருந்த காலம் அது என்றும் சொன்னார். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சூத்திரம் எப்போதோ போய்விட்டது. பெயர்கள் போகவில்லை. ஒரு பெயரை மாற்றினால் உலகம் முழுக்க அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் உடையும். அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

தேடும் வரிசைக் குழப்பமும் இதே வகை. ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடர், சம்பந்தப்பட்ட ஃபங்ஷன்களில் பல, சி மொழியில் ஏற்கெனவே இருந்தவற்றின் மேல் போட்ட மெல்லிய உறை. சி-யில் எதற்குள் தேடுவது என்பது முதலில் வரும். பிஎச்பியும் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது. பட்டியல்களுக்கான ஃபங்ஷன்கள் பின்னால் வேறு கைகளால் எழுதப்பட்டவை. அவற்றுக்குச் சி-யில் முன்மாதிரி இல்லை. எழுதியவருக்கு எது இயல்பாகப் பட்டதோ அந்த வரிசை வந்து சேர்ந்தது. ‘ஸ்டிரிங் என்றால் வீடு முதலில், பட்டியல் என்றால் ஆள் முதலில்’ என்று நினைவு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஆபரேட்டர்கள் எனப்படும் குறிகளின் கதை இன்னும் சுவையானது. மாறியின் முன்னால் டாலர் குறி வைப்பது பெர்ல் மொழியின் வழக்கம். இரண்டு ஸ்டிரிங்குகளை ஒட்டுவதற்குப் புள்ளி வைப்பதும் பெர்லிலிருந்து வந்ததே. பெர்லை 1987-இல் லாரி வால் வெளியிட்டார். தொண்ணூறுகளில் இணையப் பக்கங்களுக்குப் பின்னால் ஓடிய நிரல்களில் பெரும்பகுதி அதில்தான் எழுதப்பட்டன. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் தடுமாறக் கூடாது என்பது நியாயமான யோசனைதான். ஆனால் பிஎச்பி/எஃப்ஐ-யில் கூட்டல் குறியும் ஒட்டு வேலையைச் செய்தது. இரண்டு பக்கமும் ஸ்டிரிங்காக இருந்தால் "1" + "1" என்பதற்கு 11 என்று விடை வரும்.

இதைச் சரிசெய்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள். ஜீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்ற இருவரும் 1997-இல் பல்கலைக்கழகத் திட்டத்துக்காக ஒரு இணைய வணிக நிரல் எழுத முயன்றார்கள். பிஎச்பி/எஃப்ஐ அதற்குத் தாங்கவில்லை. அதன் அடிப்பகுதியையே புதிதாக எழுத ஆரம்பித்தார்கள்; லெர்டார்ஃபும் ஒத்துழைக்க, 1998 ஜூனில் பிஎச்பி 3 வெளிவந்தது. அதில் கூட்டல் என்றால் கூட்டல் மட்டுமே. "1" + "1" என்றால் 2. ஒட்ட வேண்டுமா, புள்ளி வை. இந்த ஒரு முடிவுக்காகவே அந்த இருவருக்கும் நன்றி சொல்லலாம். ஏனென்றால் அதே 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் இன்றுவரை கூட்டல் குறியை இரண்டு வேலைக்கும் வைத்திருக்கிறது. அங்கே "5" + 2 என்றால் 52, "5" - 2 என்றால் 3. புதிதாகப் படிப்பவர்களை அது இன்னும் அழ வைக்கிறது.

சமக்குறியில் பிஎச்பி அழ வைத்தது.

படிவத்தில் ஒருவர் வயது 25 என்று நிரப்பினால், சர்வருக்கு வந்து சேருவது எண் அல்ல. இரண்டு, ஐந்து என்ற இரண்டு எழுத்துகள். இணையத்தின் வழியாக வருவதெல்லாம் எழுத்துதான். வீட்டுப் பக்கம் செய்பவரிடம் “இதை முதலில் எண்ணாக மாற்று, பிறகு ஒப்பிடு” என்று பாடம் நடத்த லெர்டார்ஃப் விரும்பவில்லை. மொழியே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டார். எனவே இரட்டைச் சமக்குறி இரு பக்கத்தையும் பார்த்து, தேவையானால் ஒன்றை மற்றொன்றாக மாற்றி, பிறகு ஒப்பிட்டது. "25" == 25 என்றால் சரி. படிவங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் எண்ணாக மாற்ற முடியாத ஸ்டிரிங் வந்தால்? பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே "ஆப்பிள்" == 0 என்று கேட்டாலும் ஆமாம் என்றது பிஎச்பி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டர்பாஸும் இதில் வந்து மாட்டியது. "தமிழ்நாடு" என்பதற்குள் "தமிழ்" எங்கே என்று கேட்டால், தொடக்கத்திலேயே இருப்பதால் விடை 0. இல்லாத சொல்லைக் கேட்டால் விடை ‘ஃபால்ஸ்’. இரட்டைச் சமக்குறிக்கு இந்த இரண்டும் ஒன்றே. எனவே கண்டுபிடித்த சொல்லையே ‘இல்லை’ என்று நிரல் சொல்லும். இந்தப் பிழையைச் செய்யாத பிஎச்பி நிரலாளர் இருப்பது சந்தேகமே. 2000 மே மாதம் வந்த பிஎச்பி 4 இதற்கு மூன்று சமக்குறியைக் கொண்டுவந்தது. மதிப்பும் வகையும் இரண்டும் ஒத்திருந்தால்தான் அது ஆமாம் என்னும். ஜாவாஸ்கிரிப்டும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே மருந்தைத் தேடிக்கொண்டது. 1999 டிசம்பரில் வந்த அதன் தர வரையறையின் மூன்றாம் பதிப்பில் மூன்று சமக்குறி இருக்கிறது. நோய் ஒன்று, மருந்தும் ஒன்று.

மருந்து கைக்கு வந்தபிறகும் பலர் பழைய குறியையே போட்டார்கள். விளைவு பாதுகாப்பு வரைக்கும் போனது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் எம்டி5 என்ற ஃபங்ஷனில் போட்டு அரைத்து, வருகிற 32 எழுத்தைச் சேமிப்பது அந்நாள் வழக்கம். 240610708 என்ற எண்ணை அதில் போட்டால், விடை பூஜ்யத்தில் தொடங்கி, அடுத்து ஆங்கில ஈ எழுத்து வந்து, மீதி முழுக்க இலக்கங்களாக இருக்கும். அறிவியல் குறியீட்டில் அதற்குப் பொருள்: பூஜ்யம் பெருக்கல் பத்தின் ஏதோ ஒரு அடுக்கு. அதாவது பூஜ்யம். இதே அமைப்பில் விடை தரும் வேறொரு கடவுச்சொல் யாருக்காவது இருந்தால், இரட்டைச் சமக்குறிக்கு 0 == 0; கதவு திறந்துவிடும். மூன்று சமக்குறி போட்டிருந்தால் திறக்காது. ஒற்றைக் குறியின் விலை அது.

2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, நிகிதா போபோவ் முன்வைத்த திருத்தத்தை ஏற்று, "ஆப்பிள்" == 0 என்பதற்கு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. மேலே சொன்ன எம்டி5 பொறி மட்டும் இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் எண்ணாகப் படிக்கக்கூடிய ஸ்டிரிங் என்பதால் புதிய விதியும் அதைத் தொடவில்லை. சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் நேராகச் சொல்லும் ‘ஸ்டர்_கன்டெய்ன்ஸ்’ஸும் பிஎச்பி 8-இல்தான் வந்தது. முதல் வெளியீட்டிலிருந்து கால் நூற்றாண்டு ஆனபிறகு.

உள்ளேயே கிடைக்கும் ஃபங்ஷன்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்க்க வேண்டும். யார் யாருக்கு எப்போது என்ன தேவைப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல ஒரு ஃபங்ஷன் உண்டு. யூத நாள்காட்டிக்குத் தேதி மாற்றித் தர ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயர்களை ஒலிப்பை வைத்து ஒப்பிட ‘சவுண்டெக்ஸ்’, ‘மெட்டாஃபோன்’ என்று இரண்டு உண்டு. முருகேசன், முருகேஷன் என்று இரண்டு விதமாக எழுதப்பட்ட பெயரைத் தமிழ் எழுத்திலேயே ஒப்பிட அங்கே எதுவும் இல்லை. கேட்டு எழுதிச் சேர்க்க அந்த அறையில் அப்போது நம்மவர் இல்லை. இஸ்ரேலியர்கள் இருந்தார்கள். அதனால்தான் இரட்டை இரட்டைப் புள்ளிகளான :: குறியை எங்கேனும் தப்பாக வைத்தால், பல ஆண்டுகளாகப் பிழைச் செய்தியில் ‘பாமாயிம் நெக்குடோடாயிம்’ என்று ஹீப்ரு வந்து நின்றது. அதைப் பார்த்துத் தன் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு.

இந்தப் பட்டியலை உலகம் கற்றது வகுப்பறைகளில் என்று சொல்ல முடியாது. பிஎச்பியின் இணையதள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஃபங்ஷன் பெயரைத் தட்டினால் நேராக அதன் பக்கத்துக்கே போய்விடலாம். விளக்கம், சிறு உதாரணம், அதற்கும் கீழே முன்பு தடுக்கி விழுந்தவர்கள் எழுதி வைத்த எச்சரிக்கைகள். பல நேரம் மேலே உள்ள விளக்கத்தைவிடக் கீழே உள்ள எச்சரிக்கைதான் வேலையைக் காப்பாற்றியது. எல்லா எச்சரிக்கையும் நம்பத்தக்கதல்ல என்பதும் உண்மை. 2002-இல் வந்த எக்ஸாம்ப் தொகுப்பு, சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றையும் ஒரே சுட்டலில் விண்டோஸ் கணினியில் இறக்கிக் கொடுத்தது. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோன ஊர்களிலும் ஆள்கள் தங்கள் கணினியிலேயே பழகிக்கொண்டார்கள்.

அப்படிப் பழகியவர்கள் எழுதியவை சாதாரணமானவை அல்ல. விக்கிப்பீடியாவுக்காக மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பியில் எழுதிய மென்பொருள் 2002 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. 2004-இல் ஃபேஸ்புக் பிஎச்பியில்தான் பிறந்தது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

தமிழ் என்று வந்தபின் ஸ்டர்லென்னை மீண்டும் கூப்பிட வேண்டும். நீளம் சொல்வதுதான் அதன் வேலை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று அதைக் கேட்டால் 15 என்று சொல்லும்.

மூன்றெழுத்துச் சொல்லுக்கு இந்த விடை வருவதற்குக் காரணம், அது எழுத்தை எண்ணவே இல்லை, பைட்டை எண்ணுகிறது. 1994-இல் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட். வித்தியாசம் பார்க்க அவசியமே வரவில்லை. யுனிகோடில் "தமிழ்" என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து உறுப்பு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. ஒரு கட்டுரையின் முதல் சில வரிகளை வெட்டி முகப்பில் காட்டும்போது பைட் கணக்கில் வெட்டினால், கத்தி ஓர் எழுத்தின் வயிற்றில் விழும். தமிழ்த் தளங்களில் முன்னோட்ட வரியின் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வலியை முதலில் உணர்ந்து வேலை செய்தவர்கள் ஜப்பானியர்கள். ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் என்பது அவர்களுக்கு அன்றாடம். பிஎச்பி 4 காலத்தில் அவர்கள் கொண்டுவந்த ஃபங்ஷன்கள்தான் ‘எம்பி_’ என்று தொடங்கும் குடும்பம். ‘எம்பி_ஸ்டர்லென்’ தமிழ் என்பதற்கு 5 என்று சொல்லும். பரவாயில்லை, ஆனால் இன்னும் சரியில்லை. மி-யின் இகரக் குறியையும் ழ்-இன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. 2009-இல் பிஎச்பி 5.3-உடன் வந்த ‘கிராஃபீம்_ஸ்டர்லென்’தான் த, மி, ழ் என்று எண்ணி 3 என்று சொன்னது. அதற்கு ‘இன்டல்’ என்ற நீட்சியைத் தனியாக இயக்க வேண்டும். எல்லாச் சர்வரிலும் அது இருப்பதில்லை.

மொழியின் அடியிலேயே யுனிகோடை வைத்துவிடலாம் என்று ஒரு பெரிய முயற்சியும் நடந்தது. அதுதான் பிஎச்பி 6. ஆண்ட்ரே ஸ்மியெவ்ஸ்கி முன்னின்று நடத்தினார். உள்ளே எல்லா ஸ்டிரிங்கும் யுடிஎஃப்-16-இல் இருக்கும் என்பது திட்டம். ஆங்கில எழுத்துக்கே இரண்டு பைட் தேவைப்பட்டது, நினைவகம் வீங்கியது, வேகம் குறைந்தது, பழைய ஃபங்ஷன் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் கைவிட்டார்கள். அதற்குள் பிஎச்பி 6 பற்றிப் புத்தகங்கள் அச்சாகிக் கடைக்கே வந்துவிட்டன. பிறக்காத மொழிக்குப் பாடநூல். குழப்பம் வேண்டாம் என்று அடுத்த பதிப்புக்கு 2014-இல் வாக்கெடுப்பு நடத்தி ஆறைத் தாண்டி ஏழு என்று பெயர் வைத்தார்கள். ஸ்டர்லென் இன்றும் பைட்டையே எண்ணுகிறது.

2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, வேகத்துக்காகப் பேசப்பட்டாலும், அன்றாடம் எழுதுகிறவர்களுக்கு அது கொடுத்த பரிசுகள் இரண்டு ஆபரேட்டர்கள். ஒன்று <=>; சிறிதா, சமமா, பெரிதா என்று ஒரே கேள்வியில் சொல்லிவிடும். அதுவும் பெர்லின் சொத்துதான். விண்கலம் மாதிரி இருப்பதால் அதற்கு ஸ்பேஸ்ஷிப் என்றே பெயர். இன்னொன்று இரட்டைக் கேள்விக்குறி: மதிப்பு இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் இதை வை. படிவத்தில் ஒருவர் எதையாவது நிரப்பாமல் விட்டிருக்கிறாரா என்று பார்க்க அதற்கு முன் ஒரே மாறியின் பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. இதைவிடப் பயனுள்ள மாற்றம் அந்தப் பதிப்பில் இல்லை என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஆமாம் என்றால் இது, இல்லை என்றால் அது என்று தேர்ந்தெடுக்கும் ஒற்றைக் கேள்விக்குறி ஆபரேட்டரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பிற மொழிகளுக்கு நேர்மாறாக இடமிருந்து கணக்குப் போடுகிற பிஎச்பியின் பழக்கத்துக்கும் பிறகு முடிவு வந்தது. பிஎச்பி 8-இல் அடைப்புக்குறி போடாமல் அப்படி அடுக்கினால் நிரல் ஓடாது.

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பிளஸ் டூ ‘கணினிப் பயன்பாடுகள்’ பாடநூல் பிஎச்பிக்குப் பல அத்தியாயங்கள் ஒதுக்கியது. ஆபரேட்டர், ஃபங்ஷன், அரே, படிவம், டேட்டாபேஸ் இணைப்பு என்று வரிசையாகப் போகிறது பாடம். அதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தக் கதைகளில் இரண்டையாவது சேர்த்துச் சொன்னால், மூன்று சமக்குறி தேர்வு முடிந்தபிறகும் நினைவில் நிற்கும்.

2025 நவம்பரில் வந்த பிஎச்பி 8.5 இன்னொரு ஆபரேட்டரைச் சேர்த்திருக்கிறது: |> என்ற குழாய்க்குறி. ஒரு ஃபங்ஷனின் விடையை அடுத்த ஃபங்ஷனுக்குள் நேராகத் தள்ளிவிடலாம்; ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புக்குறிகளை அடுக்க வேண்டியதில்லை. குழாயில் போவது ஒரே ஒரு மதிப்புதான். இரண்டு மதிப்பு கேட்கிற ஸ்டர்பாஸையோ இன்_அரேயையோ அதில் பொருத்த வேண்டுமானால், எது முன்னால் எது பின்னால் என்று சொல்லி ஒரு சிறு உறை ஃபங்ஷனை நிரலாளரே எழுதிக்கொள்ள வேண்டும்.